இடம் தொலைந்த தந்தச் சிப்பிகள்

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் பிராணியை ஆராய்ச்சி செய்கிறவளைப் பார்த்து ராஜபாளையத்தில் யாரும் சிரித்ததில்லை. அதைவிட மோசம், "நல்லது, நல்லது" என்பார்கள். விஷயம் புரியாவிட்டால் எங்கள் தெருவில் அப்படிச் சொல்வதுதான் வழக்கம். என்ன, ஏது என்று ஒருவராவது கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். கேட்கவில்லை, எழுதுகிறேன். பெருமைக்காக எழுதவில்லை. என் கையாலேயே நான் கெடுத்துக்கொண்ட காரியம் இது. யாரிடமாவது முழுசாகச் சொல்லித் தொலைக்க வேண்டும்.

நான் ஆராய்ந்தது தந்தச் சிப்பிகளை. யானைத் தந்தத்தைச் சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். வெள்ளைக் குழல், லேசான வளைவு, இரண்டு முனையும் திறந்தே இருக்கும். அகலமான முனையைக் கீழே புதைத்துக்கொண்டு, மெல்லிய முனையை மட்டும் மணலுக்கு மேலே துளி நீட்டியபடி கடலடியில் வாழும். கண் கிடையாது. செவுள் கிடையாது. நூல் மாதிரியான கைகளால் மணலுக்குள் துழாவி, நம் கண்ணுக்கே தெரியாத சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னும். சிலவற்றில் நெடுகக் கோடுகள் இருக்கும், சில வழுவழுவென்று இருக்கும். முனையில் வெட்டு இருக்கிறதா, பிளவு இருக்கிறதா, கோடுகள் எத்தனை என்று பார்த்து இனம் பிரிக்க வேண்டும். தூத்துக்குடிப் படகுக்காரர்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். வலையில் மீனோடு வருவதுதான், ஆனால் யாரும் பெயர் வைக்கவில்லை. கழிவு என்றார்கள்.

என் ஆய்வின் தலைப்பில் இரண்டு சொற்கள் முக்கியம். வகைமை, பரவல். கரையோரக் கடலில் என்னென்ன தந்தச் சிப்பிகள் இருக்கின்றன என்பது வகைமை. எது எங்கே, எத்தனை ஆழத்தில், சேற்றிலா மணலிலா என்பது பரவல். சிப்பி கையில் இருந்தால் வகைமையை எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுதிவிடலாம். பரவல் அப்படி இல்லை. எடுத்த இடத்தை எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டை நம்பித்தான் அது நிற்கிறது.

பிழைப்புக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். தினமும் காலையில் டவுன் பஸ், சாயந்திரம் டவுன் பஸ். வருஷா வருஷம் வேலையைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். இந்த வருஷம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், ஜூனுக்குள் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன் என்று சான்று காட்டாவிட்டால் அடுத்த வருஷம் எனக்கு இடம் இல்லை. பல்கலைக்கழகத்தில் என் பதிவும் அதே ஜூனோடு காலாவதி ஆகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. ஏழு வருஷம். முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களுக்கெல்லாம் "படிப்பு முடியட்டும்" என்று அம்மா பதில் சொல்லிச் சொல்லி, இப்போது கேட்பதற்கே ஆள் இல்லை. ஜூன் எனக்கு எவ்வளவு பெரிய மாதம் என்று புரிந்திருக்கும்.

ஏழு வருஷத்தில் நான்கு வருஷ விடுமுறைகள் கடலில் போயின. கடல் என்றால் எனக்கு வாந்தி. படகு கரையைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிடும். ஒரு கையால் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அள்ளி வந்த சேற்றைச் சல்லடையில் அலசுவேன். ஆழத்தைப் படகுக்காரர் பாகக் கணக்கில் சொல்வார். ஆறு பாகம் என்றால் ஆறு ஆள் கைவிரித்த அளவு. அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

தடித்த தாளில் பென்சிலால் எழுதி, சிப்பியோடு உள்ளேயே போட்டுவிடு என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் முதல் நாளே சொல்லி அனுப்பினார். அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் படகில் தாள் நனைந்து கிழிந்தது, பென்சில் முனை ஒடிந்தது, நான் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுத் தாள் காற்றோடு போயிற்று. பையில் வேறு என்ன இருந்தது என்றால், துணி இருந்தது.

எங்கள் வீட்டில் துணிக்குக் குறைவே இல்லை. செட்டியார்பட்டி ரோட்டில் அண்ணன் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கிறான். அப்பா தொடங்கியது, அவர் போன பிறகு அண்ணன் பார்த்துக்கொள்கிறான். ஆஸ்பத்திரிக் காயத்துக்குக் கட்டுகிற சல்லாத் துணி. சிப்பியை முடிந்துவைக்க அதைவிட நல்ல துணி உலகத்தில் இல்லை. தண்ணீர் வடிந்துவிடும், காற்று போகும், குழல் நொறுங்காது. ஓர் இடத்துச் சிப்பிகளை ஒரு துண்டில் வைத்து முடிச்சுப் போட்டு, துணியின் ஓரத்திலேயே இடத்தையும் ஆழத்தையும் நீல மைப் பேனாவால் எழுதினேன். ஈரத் துணியில் வழுக்காமல் எழுதியது. முதல் தடவை அவசரத்துக்கு எழுதினேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்த நீல மைப் பேனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தறியிலிருந்து வருகிற, இன்னும் வெளுக்காத காடாத் துணியின் மூலையில் லாட் நம்பர் எழுதுவதற்காக வாங்குவது அது. எங்கள் வீட்டில் எந்த டிராயரைத் திறந்தாலும் இரண்டு கிடக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் எதை எழுதினாலும் அதில்தான். காடாத் துணி ப்ளீச் தொட்டிக்குப் போனதும் அந்த மை போய்விட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியில் ஒரு நீலப் புள்ளி இருந்தாலும் மொத்த லாட்டும் திரும்பி வரும். போவதற்காகவே செய்த மை. எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. நடக்கத் தெரிந்த வயதிலிருந்தே தெரியும்.

ஐம்பத்துமூன்று முடிச்சுகள் சேர்ந்தன. ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பின்கட்டில் வைத்திருந்தேன். குழலுக்குள் கொஞ்சம் சதை தங்கியிருக்கும் போலிருக்கிறது, நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. இந்த ஜனவரியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, "இந்தப் பெட்டிய வெளிய தூக்கிப் போடுதியா, இல்ல நான் வெளிய போகட்டுமா?" என்றாள் அம்மா. ஆய்வேட்டில் போடுவதற்குச் சிப்பிகளைப் படம் எடுக்கவும் வேண்டியிருந்தது. எப்படியும் சுத்தம் செய்தாக வேண்டும். எங்கள் வீட்டில் கறைக்கும் நாற்றத்துக்கும் ஒரே மருந்து. யூனிட்டிலிருந்து ஒரு கேன் ப்ளீச் கொண்டுவந்தேன். உள்ளே ஒட்டிய சதையை அரித்து மேலோட்டை வெள்ளையாக்க சிப்பி சேகரிக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், தப்பு இல்லை.

பிரித்துப் போட்டால் கலந்துவிடுமே என்று பயந்தேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள். ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்காமல், ஐம்பத்துமூன்றையும் அப்படியே வாளியில் அமுக்கினேன்.

செத்த நேரம் கழித்து வந்து ஒன்றை எடுத்துப் பிழிந்தேன். நல்ல வெள்ளை. சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு கணம் யூனிட்காரன் மகளாகத்தான் அந்த வெள்ளையைப் பார்த்தேன். இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது கை நின்றது. திருப்பிப் பார்த்தேன். ஓரத்தை விரித்துப் பார்த்தேன். வாளியை அப்படியே சிமென்ட் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எதிலும் ஒரு கீறல் நீலம் இல்லை. துவைகல்லில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, மூச்சுதான் வரவில்லை. வெள்ளையடிக்க வந்தவர் ஏணியிலிருந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார். எதற்கு என்று நான் அவரைக் கேட்டேன்.

சாப்பிட வந்த அண்ணனிடம் சொன்னேன். அவன் முடிச்சு ஒன்றைக் கையில் எடுத்துப் பழக்கத்தில் நூலை நிமிண்டிப் பார்த்தான்.

"ஏட்டி, இது ப்ளீச்சுல போற மை தானேட்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போட்ட?"

தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வந்துவிடுகிறதா? யூனிட்டில் அது துணி மை, கடலில் அது என் ஆராய்ச்சி மை. இரண்டும் ஒரே பேனா என்பது என் மண்டையில் ஒருநாளும் ஒன்றாகச் சேரவில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் வந்து உட்கார்ந்து யோசனை சொன்னான். "எங்க யூனிட்ல லாட் நம்பர் அழிஞ்சு வந்துச்சுன்னா, எடைய பாத்து, நூல எண்ணி, எந்த லாட்டோட ஒத்துப்போகுதோ அதோட சேத்துருவோம். ஒண்ணும் ஒத்துப்போகலன்னா பக்கத்து லாட்டுல போட்ருவோம். துணி துணிதான? நீயும் ஒன் நோட்ட பாத்து எழுதிப் போடு. எந்தக் கடல்காரன் வந்து கேக்கப்போறான்?"

அவன் சொன்னதில் முதல் பாதி நல்ல யோசனை. படகில் நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். இனம் பிரிக்கிற நிதானம் அங்கே ஏது, "கோடு போட்டது நாலு, வழுவழு ஏழு" என்று இடம் வாரியாகக் கிறுக்கியிருந்தேன். முடிச்சுகளை அவிழ்த்து எண்ணிக்கையை ஒத்துப் பார்த்தேன். கோடு போட்டது நாலும் வழுவழு ஏழும் ஒரே ஒரு முடிச்சில் இருந்தால் அதன் இடம் கிடைத்துவிடும். இன்னொரு வழியும் தோன்றியது. சில குழல்களின் குறுகலில் அந்த இடத்துச் சேறோ மணலோ ப்ளீச்சுக்கும் அசையாமல் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியால் நோண்டி வெள்ளைத் தாளில் உதிர்த்தேன். சாம்பல் நிறச் சேறு என்றால் ஆழம். சங்குப்பொடி கலந்த பருமணல் என்றால் கரைக்கு எதிரே இருக்கிற தீவுப் பக்கம். கல்லூரி விட்டு வந்த சாயந்திரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே வேலை. கண் எரிந்தது. ஊசியை அழுத்தி நான்கு குழல்களின் முனையை ஒடித்தேன். முனை ஒடிந்தால் இனமும் சொல்ல முடியாது.

பிப்ரவரி முடியும்போது பத்தொன்பது முடிச்சுகளுக்கு இடம் கிடைத்திருந்தது. முப்பத்துநாலுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததிலும் பெரும்பாலானவை இரண்டே இடங்களைச் சுற்றி எடுத்தவை. கடலின் படத்தில் இரண்டு இடத்தில் மட்டும் புள்ளி வைத்துவிட்டு அதற்குப் பரவல் என்று பெயர் வைக்க முடியாது.

மார்ச் முதல் ஞாயிறு. தாள், பென்சில், குறிப்பேடு எல்லாம் முன்னால் இருந்தன. அண்ணன் சொன்ன இரண்டாவது பாதியைச் செய்தேன். ஒரு முடிச்சை எடுத்தேன், குறிப்பேட்டில் மிச்சம் இருந்த இடங்களில் தோதாக ஒன்றைப் பார்த்தேன், தாளில் எழுதி உள்ளே வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொன்று. ஐந்து முடிச்சுகளுக்கு எழுதினேன். இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்துபோன மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆறாவதாகக் கைக்கு வந்த முடிச்சில் மூன்றே சிப்பிகள் இருந்தன. சின்னவை, வழுவழுப்பு, மெல்லிய முனையில் நீண்ட பிளவு. நான் தேடிய வரையில் இந்தப் பக்கத்துக் கடலில் அந்த இனத்தை எடுத்ததாக யாரும் எழுதியிருக்கவில்லை. என் ஆய்வேட்டில் உருப்படியாகச் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றால் இந்த மூன்றும்தான். குறிப்பேட்டில் "சின்னது, வழுவழு, மூணு" என்று இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று பன்னிரண்டு பாகம், சேறு. இன்னொன்று ஆறு பாகம், தீவை ஒட்டிய மணல். குழல்கள் மூன்றும் காலி. உள்ளே ஒரு மணல்கூட இல்லை.

பன்னிரண்டு பாகம் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் எழுதிவிட்டால் அது அங்கே இருக்கிறது என்று ஆகிவிடும். பின்னால் யாரோ ஒருத்தி அதை வாசித்துவிட்டு, விடுமுறையில் பஸ் ஏறிப் போய், படகு பேசி, அந்த இடத்துக்குப் போய்ச் சேற்றை அள்ளி அலசுவாள். கிடைக்காது. இன்னும் நாலு தடவை அள்ளுவாள். படகு விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தியெடுப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப அள்ளுவாள். எனக்கு நேர்மை, நியாயம் எல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்த வாந்திதான் நினைவுக்கு வந்தது. ஆறு சீட்டுகளையும் எடுத்து ரப்பரால் அழித்தேன். அழித்து முடித்ததும்தான் ஜனவரியில் வராத அழுகை வந்தது. நல்லவளாக இருக்கவும் துணிச்சல் இல்லை, கெட்டவளாக இருக்கவும் துணிச்சல் இல்லை, இப்படி ஒரு ஜென்மமா என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அதே மாதக் கடைசியில் எங்கள் கல்லூரிச் செய்முறைத் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக என் வழிகாட்டிப் பேராசிரியரே தூத்துக்குடியிலிருந்து வந்தார். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவர், அவருக்கு நான்தான் கடைசி மாணவி. மாணவர்கள் போன பிறகு லேபில் உட்கார்ந்து மதிப்பெண் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பேனா, ப்ளீச், ஆறு சீட்டுகள், எல்லாம்.

"எத்தனை தேறுச்சு?"

"பத்தொம்பது சார்."

"மத்தது?"

"எந்த இடம்னு தெரியல சார்."

பேனாவை மூடினார். டீயை எடுக்கப் போய் எடுக்காமல் விட்டார். "இத எங்கிட்ட எதுக்கும்மா சொன்ன?" என்றார்.

தாமதித்ததற்குக் கோபப்படுகிறார் என்று நினைத்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கணும் சார், மன்னிச்சிருங்க" என்றேன்.

"முன்னாடி இல்லம்மா. எப்பவுமே சொல்லியிருக்க வேண்டாம். நீ பாட்டுக்கு எழுதிக் குடுத்திருந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். நான் என்ன கடலுக்குள்ள இறங்கியா பாக்கப் போறேன்? இப்பத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சுக்கிட்டு எப்படிம்மா போட?"

தலைப்பிலிருந்து பரவலை எடுத்துவிட்டு வகைமை மட்டும் என்று மாற்ற முடியுமா என்று கேட்டேன். தலைப்பை மாற்றினால் முதலிலிருந்து பதிய வேண்டும் என்றார். ஜூனுக்குள் திரும்பக் கடலுக்குப் போய் எடுத்துவிடுகிறேன் என்றேன். நாலு வருஷமாக எடுத்ததை இரண்டு மாதத்தில் எடுக்க முடியாது என்று எனக்கே தெரியும். எழுந்து தொட்டியில் வெகுநேரம் கை கழுவினார். போகும்போது, "நீ பண்ணது சரிதாம்மா" என்றார். எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருக்கவில்லை. அவருடைய கையெழுத்துதான் வேண்டியிருந்தது.

பஸ்ஸில் வரும்போது, இது எங்கேயாவது நின்று தொலைந்தால் தேவலை, வீடு வரவே வேண்டாம் என்று இருந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.

மறுநாள் விடுமுறை. பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்து முப்பத்துநாலு முடிச்சுகளுக்கும் சீட்டு எழுதினேன். ஆய்வு முறைப்படி ஆங்கிலத்தில், பென்சிலால், தடித்த தாளில். இனத்தின் பெயர், அதற்குக் கீழே "இடம் தெரியவில்லை" என்று. முப்பத்துநாலு தடவை அதையே எழுதினேன். பிளவுள்ள அந்த மூன்றையும் கடைசியில் எழுதினேன்.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணன் பெட்டியைப் பார்த்தான். எல்லா முடிச்சிலிருந்தும் ஒரு வெள்ளைச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"எழுதிட்டியாட்டி? இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான், "எம்மா, ஒம் மக முடிச்சிட்டா!"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. குனிந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்புட்டும் முடிஞ்சிருச்சாட்டி?"

இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

அம்மா அடுப்படிக்கு ஓடினாள். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கை சீனியோடு வந்து, என் தாடையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல வாயில் போட்டாள். நான் வாயை மூடி அதை விழுங்கினேன். இன்று மே மாதம் பாதி ஆகிவிட்டது, அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், எல்லோரும் "நல்லது, நல்லது" என்கிறார்கள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.